பொகவந்தலாவைக்குப் போன மெசேஜ் ஒரே டிக்ல நின்னிச்சி

எங்க செட்ல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 1981ல இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்ச எழுதின ஆர்ட்ஸ் கிளாஸ், மொத்தம் 34 பேர், அதுல ஒரே பேர்ல மூணு பேர், இன்னொரு பேர்ல நாலு பேர், சில பேருக்கு இனிஷலும் ஒண்ணு, தமிழ் சேர் முதல் வாரமே வெறுத்துப்போயி எல்லாரையும் ஊர் பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு. "ஏய் மஸ்கெலியா, எந்திரி", "லிந்துல, நீ வாசி" இப்படி. அது அப்படியே ஒட்டிக்கிச்சி. இப்ப 63, 64 வயசு, பேரன் பேத்தி எடுத்தாச்சி, இன்னும் நான் கொட்டகலதான். யாராவது வீட்டு கல்யாண கார்ட் வந்தா அப்பா பேரப் பார்த்துட்டு இது யாருடான்னு யோசிக்க வேண்டியிருக்கு.

34 பேரும் ஒரே எடத்துல இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டது 1964ல, எங்கள மாதிரி இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறது, 3,00,000 பேருக்கு இங்க குடியுரிமைன்னு, அப்ப எங்களுக்கு ரெண்டு வயசு. அந்தக் கையெழுத்து எங்க கிளாஸுக்குள்ள வந்து சேர பதினாறு பதினேழு வருஷம் எடுத்திச்சி. ஒவ்வொரு தவணையும் ஒரு மேச காலியாகும், "அப்பாவுக்கு பாஸ்போர்ட் வந்திருச்சி சேர்"னு சொல்லிட்டு போவாங்க, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம். 1984ல அந்தக் கப்பலும் நின்னு போச்சி. அதுக்கு முந்தின வருஷம் ஜூலை கலவரம், அதுல பயந்து சில குடும்பம் வவுனியா, கிளிநொச்சின்னு போயிட்டாங்க, அதுக்குப் பெறகு கனடா, லண்டன், ப்ரான்ஸ். இப்ப கணக்குப் பார்த்தா இந்தியாவுல 6, வெளிநாட்டுல 4, வடக்குல 3, வத்தள கொழும்பு பக்கம் 3, மலையில 7, செத்துப்போனது 9. மிச்சம் ரெண்டு பேர் எங்கன்னே தெரியாம இருந்திச்சி.

2017ல டொரன்டோவுல இருக்குற கந்தப்பளதான் வாட்ஸ்அப் குரூப் தொடங்கினான். முதல் ஒரு மாசம் சொல்லவே ஏலாது, பழைய போட்டோ, அழுக, சிரிப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு வொய்ஸ் மெசேஜ். அதுக்குப் பெறகு எல்லா குரூப் மாதிரியும் ஆயிருச்சி. காலையில ரோசாப்பூ, வெள்ளிக்கிழம பிள்ளையார், பாகக்கா ஜூஸ் குடிச்சா சீனி வருத்தம் ஓடிரும்னு ஒரு ஃபார்வர்ட். எல்லாரும் பூ போடுறாங்க, அப்ப எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கன்னு ஒரு நெனப்பு வந்திருது பாருங்க, அதுதான் எங்களக் கவுத்திச்சி.

2019 ஜனவரி. பொகவந்தலாவைக்கு பொறந்த நாள். வழக்கம் போல கேக் படம், "பார்ட்டி எப்ப மச்சான்", "கெழவா இன்னும் உசுரோட இருக்கியா"ன்னு ஒரு பகிடி, அதப் போட்டது வேற யாருமில்ல, நான். அவன்கிட்டயிருந்து பதிலே இல்ல. தனியா ஒரு மெசேஜ் போட்டேன், ஒரே டிக். ஃபோன் ஒடஞ்சிருக்கும், இல்லாட்டி ரீலோட் போட்டிருக்க மாட்டான், தோட்டத்துல சிக்னல் இல்லன்னு நாங்களே ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கிட்டோம். கொட்டகலயிலயிருந்து ஹட்டன் போயி ஒரு பஸ் மாறினா பொகவந்தலாவ. ஒருத்தனும் போகல.

ரெண்டு வாரம் கழிச்சி அவன் நம்பர்லயிருந்தே கோல். "என்னாடா செத்துக்கித்து போயிட்டியோன்னு நெனச்சேன்"னு நான் எடுத்த எடுப்புல சொல்லிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு கொரல். "மாமா, நான் மக பேசுறேன். அப்பா ஃபோன்ல உங்க பேர் கொட்டகலன்னுதான் இருக்கு, எனக்கு உங்க சொந்தப் பேர் தெரியல. அப்பா தவறி இன்னைக்கு 22 நாள்."

நெஞ்சு வலின்னு படுத்தவன் விடியக்குள்ள போயிருக்கான். ஃபோன்ல லாக், கோடு இழுத்து தொறக்குற லாக், அது யாருக்கும் தெரியாது, சார்ஜ் எறங்கி அலுமாரியில கெடந்திருக்கு. பதினாறு முடிஞ்ச பெறகு அவ தம்பி ஃபோன் கடையில குடுத்து தொறந்து அப்பா போட்டோ எடுக்கலாம்னு பார்த்தா எங்க கேக் எல்லாம் ஒண்ணொண்ணா வந்து விழுந்திருக்கு. நான் போட்டதும்.

அடுத்த நாள் போனோம், நானும் வட்டவளயும். ரோட்டோரத்துல கட்டின வெள்ளக் கொடி நனஞ்சி சாயம் போயி ஒண்ணு ரெண்டு இன்னும் தொங்குது. மக தேத்தண்ணி குடுத்துட்டு சொன்னா, "யாருக்கு சொல்றதுன்னே தெரியல மாமா. கேத நோட்டீஸ்ல நண்பர்கள்னு போட்டோம், பேர் போடத் தெரியல." 40 வருஷ சிநேகிதம், அவன் வீட்டுல எங்க ஒருத்தன் பேரும் தெரியாது. எங்களுக்கும் அவன் பொஞ்சாதி நம்பர் தெரியாது. நான் போட்ட அந்தப் பகிடியப் பத்தி அவ ஒரு வார்த்த கேக்கல, கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

வர்ற வழியில ஹட்டன்ல எறங்கி ஒரு சீ.ஆர். புத்தகம், கெட்டி அட்ட போட்ட பெரிய கொப்பி, வாங்கினேன். வாத்தியார் வேலயில பழகின புத்தி, எதுவா இருந்தாலும் சீ.ஆர். புத்தகத்துல ஏத்தினாத்தான் நிம்மதி. ஆளுக்கு ரெண்டு பக்கம். மேல ஊர் பேர், கீழ சொந்தப் பேர் முழுசா. பெறகு அவங்க நம்பர் இல்ல, அது எல்லாருகிட்டயும் இருக்கு, வீட்டுல இருக்குற இன்னொருத்தர் நம்பர். பொஞ்சாதி, புருசன், மகன், மருமக யாராவது. மூணாவதா வீட்டுக்கு வெளிய ஒரு நம்பர், பக்கத்து வீடோ தோட்டத்துச் சந்தி கடையோ. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிச வீட்டுக்கு, நம்பரு ரோட்டுப் பேரு எதுவும் கெடையாது, கடுதாசி இன்னும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து கைமாறி கைமாறித்தான் போவுது, அதனால எடத்த கதையாவே எழுதிக்கிட்டேன், "ஸ்டோர் தாண்டி ரெண்டாவது மொடக்கு, மாரியம்மன் கோயில் படி, மேல் லயத்துல கடைசி காம்பரா" இப்படி. இது பெறகு எவ்வளவு ஒதவிச்சின்னு சொல்றேன்.

ஆரம்பத்துல நான் செஞ்ச பிழ, எல்லாத்தயும் ஒரே கோல்ல கேட்டேன். என்ன வருத்தம், என்ன குளிச, எந்த கிளினிக், புள்ளைங்க என்ன வேல. ரெண்டாவது ஆள்லயே அடி விழுந்திச்சி, "என்னாடா, குடிசன மதிப்பு எடுக்க வந்தியா?"ன்னான் நோர்வூட். இன்னொருத்தி மகனுக்கு வேல இல்லங்கிறத என்கிட்ட சொல்லப் பிரியப்படல, அதோட ரெண்டு மாசம் என் கோல எடுக்கவே இல்ல. அதனால இப்ப நம்பர் மட்டும்தான் கேட்டு வாங்குறது, மத்ததெல்லாம் பேச்சுவாக்குல அவங்களா சொன்னா வச்ச பெறகு எழுதிக்கிறேன்.

ஞாயித்துக்கிழம காலையில பத்து மணிக்கு மேல மூணு பேருக்கு கோல் எடுக்குறது. மூணுக்கு மேல எடுத்தா நமக்கே சலிச்சிரும். கனடாவுல டொரன்டோக்காரங்களுக்கு அந்த நேரம் நடுராத்திரி, அங்க வெயில் காலத்துல ஒம்பதரை மணித்தியாலம், பனிக் காலத்துல பத்தரை மணித்தியாலம் நமக்குப் பின்னாடி, அத மறந்து ஒரு தடவ கந்தப்பளய நடுச்சாமத்துல எழுப்பிட்டேன், அவன் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சி லைட்ட போட்டு வீட்டயே எழுப்பியிருக்கான். இந்தியாக்காரங்களுக்கு நம்ம நேரமே. மெசேஜ் இல்ல, கோல். கொரல் கேக்கணும். "சுகமா"ன்னு கேட்டா அத்தன பேரும் "சுகம்"தான் சொல்லுவாங்க, வார்ட்ல படுத்துக்கிட்டே சுகம்னு சொன்னவன் எங்க செட்ல இருக்கான். அதனால நான் "காலையில என்னா சாப்பிட்ட"ன்னு கேப்பேன், "கிளினிக்குக்கு யார் கூட போன"ன்னு கேப்பேன். யார் கூடங்கிறதுக்கு பதில் வராட்டி அந்த வீட்டுல ஏதோ இருக்கு.

இந்த ஞாயித்துக்கிழம கோல்தான் மஸ்கெலியாவக் காப்பாத்திச்சி. 2023, ஆகஸ்ட். எடுத்தான், எடுத்து "ம்ம்ம"ன்னு ஒரு மாதிரி பேசுறான், நாக்கு தடிச்ச மாதிரி. மொதல்ல எனக்கு வந்த சந்தேகம் வேற, வட்டவளக்கு அடிச்சிச் சொன்னா அவனும் "ஞாயித்துக்கிழமதானே, போட்டிருப்பான் விடு"ங்கிறான். ஆனா மஸ்கெலியா பிரஷர்னு சொல்லி குடிய விட்டு பத்து வருஷமாச்சே. புத்தகத்த எடுத்து ரெண்டாவது நம்பரப் பார்த்தேன், மகன், மஸ்கெலியா டவுன்ல த்ரீவீல் ஓட்டுறவன். "தம்பி ஹயர விட்டுட்டு ஒடனே வீட்டுக்குப் போ, அப்பாவ சிரிக்கச் சொல்லு, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு"ன்னேன். போய்ப் பார்த்துட்டு திரும்ப எடுத்தான், "மாமா, வாய் ஒரு பக்கம் கோணுது, வலது கை தூக்க ஏலல." பாரிசவாதம். அம்மா என்னா பண்ணிக்கிட்டிருந்தாங்கன்னா, பனி அடிச்சிருச்சின்னு தைலம் தேச்சி போத்திப் படுக்க வச்சிருந்தாங்க, கஞ்சி வேற குடுக்கப் பார்த்திருக்காங்க. அது கூடாது, விழுங்க ஏலாம நெஞ்சுக்குள்ள போயிரும். 1990க்கு அடிக்கச் சொன்னேன். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்ல, வழி கேட்டாங்க, மகன் பதட்டத்துல ஒளறியிருக்கான், நான் புத்தகத்துல எழுதியிருந்த "ஸ்டோர் தாண்டி ரெண்டாவது மொடக்கு" கதைய ஃபோன்ல அவனுக்கு வாசிச்சிக் காட்டினேன், அவன் அப்படியே அவங்களுக்குச் சொன்னான். லயம் வர அம்புலன்ஸ் ஏறாது, கம்பளியில வச்சி நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்தாங்க.

டாக்டர் மொதல் கேட்டது எத்தன மணிக்குத் தொடங்கிச்சின்னு. அந்த நேரம்தான் முக்கியமாம், ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசி போடுறதா இருந்தா நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லன்னு பார்க்கணும், எல்லாருக்கும் போடவும் மாட்டாங்க. அண்ணி ஒம்பதரைக்கு தேத்தண்ணி குடுக்கும்போது நல்லா பேசினான்னு சொன்னாங்க, என் ஃபோன்ல கோல் போன நேரம் 10.12. இந்த ரெண்டையும் வச்சித்தான் அவங்க கணக்குப் போட்டாங்க. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தி, நேரத்துக்குள்ள ஊசியும் போட்டாச்சி. இப்ப கைத்தடி ஊணி கோயிலுக்குப் போறான். பேச்சுல "ர" மட்டும் வழுக்கும். யாருக்காவது இப்படி ஆனா கடைசியா நல்லா இருந்த நேரத்த ஒரு துண்டுல எழுதிக்கிட்டுப் போங்க, அங்க போயி யோசிச்சா வராது.

சிரிப்பான ஒண்ணயும் சொல்லணும். நோர்வூட்டு அண்ணன் செத்த அன்னைக்கு, அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே இனிஷல், யாரோ ரோட்டுல பேனரப் பார்த்துட்டு படம் எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. படத்துல மொகம் சரியா தெரியல. பதினேழு பேர் ஆழ்ந்த அனுதாபம் போட்டாச்சி, லண்டன்ல இருக்குறவ நீளமா ஒரு இரங்கலே எழுதிட்டா, அவன் எவ்வளவு நல்லவன், கிளாஸ்ல எல்லாருக்கும் எழுத்துக் காப்பி குடுப்பான்னு. அதுக்குக் கீழ அவனே "நன்றி, உசுரோட இருக்கும்போதே வாசிக்கக் கெடச்சிச்சி, அண்ணன்தான் தவறிட்டாரு"ன்னு போட்டான். அவன் அதப் பெருசா எடுத்துக்கல, அவன் பொஞ்சாதிதான் கேத வீட்டு நடுவுல ஒவ்வொரு கோலா எடுத்து "இல்லீங்க, இருக்காங்க, இங்கதான் இருக்காங்க"ன்னு சொல்லி சொல்லி அலுத்துட்டாங்க. அதோட ஒரு முடிவு எடுத்தோம், சாவு செய்தின்னா வீட்டு ஆள் ஒருத்தர்கிட்ட நேரா கேட்டுட்டு நானோ வட்டவளயோதான் குரூப்ல போடுறது, மத்தவங்க எங்களுக்குச் சொன்னாப் போதும்.

சுகமில்லாத செய்தி அத விட கஷ்டம். வத்தளயில இருக்குற ஒருத்தி மார்புல கட்டின்னு என் பொஞ்சாதிகிட்ட மட்டும் சொன்னா. அது எப்படியோ ஒருத்தன் காதுக்குப் போயி, அவன் நல்ல மனசோடதான், "நம்ம தோழிக்காக எல்லாரும் பிரார்த்தன பண்ணுங்க"ன்னு குரூப்ல போட்டுட்டான். மகளுக்கு அப்ப மாப்புள பார்த்துக்கிட்டிருந்தாங்க. அன்னைக்கே குரூப்ல இருந்து வெளியேறினவ இன்னும் திரும்ப வரல, எனக்கு மட்டும் ஞாயித்துக்கிழம பேசுவா. இப்ப புத்தகத்துல சில வரிக்கு வட்டம் போட்டிருப்பேன், வட்டம் போட்டது வீட்டுல கூட வாயத் தொறக்கிறதில்ல.

சல்லி விசயம் சுருக்கமா. யாருக்காவது சேர்க்குறதுன்னா ஒரே எக்கவுண்ட், ரெண்டு பேர் பார்க்குற மாதிரி, யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு குரூப்ல போடவே கூடாது, பென்ஷன்ல இருக்குறவனும் கனடாவுல இருக்குறவனும் ஒரே லிஸ்ட்ல இருந்தா ஒருத்தன் தல குனிஞ்சிக்கிட்டு ஒதுங்கிருவான். அப்புறம் போன வருஷம் ஒருத்தன் வாட்ஸ்அப்ப யாரோ களவெடுத்து "அவசரமா ஒரு லட்சம் போடு மச்சான்"னு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. கூடலூர் பக்கம் தேயிலத் தோட்டத்துல இருந்த எங்க அக்கரப்பத்தன மட்டும் உஷாரா, "சரி, பூகோள சேருக்கு நாம வச்ச பட்டப் பேர் என்னா"ன்னு கேட்டிருக்கான். பதில் வரல. அது என்ன பேர்னு இங்க எழுத மாட்டேன், அது இப்ப எங்க பாஸ்வேர்ட்.

கடுதாசி விசயத்துல பூண்டுலோயா குடும்பம் பட்ட பாடு எனக்கு ஒரு பாடம். அவன் அதிபரா இருந்து 2020ல தவறிட்டான். அரசாங்க வேலதானே, விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாசா மாசம் சம்பளத்துல வெட்டினதுதானே, அண்ணிக்கு தானா வந்திரும்னு நெனச்சோம். அவங்க பொறப்புச் சான்றிதழ்ல ஒரு பேர், தோட்டத்துக் கிளாக்கர் காதுல விழுந்தத எழுதினது. ஐடென்டில ஒரு எழுத்து கூட. கல்யாணச் சான்றிதழ்ல வீட்டுல கூப்பிடுற பேர். மூணும் ஒரே ஆள்தான்னு காட்ட சத்தியக் கடதாசி, கிராம சேவகர், திரும்ப ஆபீஸ், போனா சிங்களத்துல ஒரு ஃபோம், பெறகு கொரோனா, எல்லாம் முடிய 14 மாசம். அந்த 14 மாசம் அவங்க மகன் கடையில அரிசி கடனுக்கு வாங்கித்தான் சாப்பிட்டாங்கன்னு எங்களுக்கு முடிஞ்ச பெறகுதான் தெரியும். பாருங்க, எங்க செட்ல நாலு பேர் ஒரே நாள்ல பென்ஷன் போனோம், வயசு 65ன்னு ஒரு தடவ கூட்டி திரும்ப 60ன்னு கொறச்சதுல 2022 டிசம்பர் 31ம் திகதி எல்லாரையும் ஒண்ணா வீட்டுக்கு அனுப்பிட்டாங்கல்ல, அப்ப நான் மொதல் வேலயா நாலு வீட்டுக்கும் போயி புருசன் பொஞ்சாதி ரெண்டு பேர் சான்றிதழயும் மேசயில பரப்பி எழுத்து எழுத்தா ஒத்துப் பார்த்தேன். மூணு வீட்டுல பிழ இருந்திச்சி. ஒரு வீட்டுல கல்யாணமே பதியல, கோயில்ல தாலி கட்டினதோட சரி, 37 வருஷம் கழிச்சி ரெஜிஸ்டர் பண்ணினாங்க, மருமக சாட்சிக் கையெழுத்து, கேக்கும் வெட்டினோம். ரெண்டு பேரும் உசுரோட இருக்கும்போது திருத்துறது ஒரு நாள் ரெண்டு நாள் அலைச்சல், ஒருத்தர் போயிட்டா அது வேற கணக்கு.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப மலையில ரோடும் போச்சி, கரண்டும் போச்சி, டவரும் போச்சி. 2014ல கொஸ்லந்த மீரியபெத்தயில மண் சரிஞ்ச அன்னைக்கு எங்க கொஸ்லந்தக்காரி, ஹாஸ்டல்ல இருந்து படிச்சவ, இருக்காளா இல்லயான்னு தெரியாம ரெண்டு நாள் கெடந்தோம், அவ வேற தோட்டம்னு பெறகுதான் தெரிஞ்சிச்சி, அந்த ஞாபகம் வந்து வயித்தக் கலக்கிச்சி. வாட்ஸ்அப் போகவே இல்ல. ஆனா சாதா எஸ்.எம்.எஸ். சில நேரம் பூந்து போகுது. "சுகம். வீடு சுகம்"னு ரெண்டு வார்த்த. எனக்கு வந்தத நான் கிளிநொச்சிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப, அங்க லைன் கெடச்சப்ப அவ குரூப்ல போட, பக்கத்துத் தோட்டத்து செய்தி எங்களுக்கு வர்றதுக்கு முந்தி டொரன்டோவுல இருக்குறவனுக்கு எங்க செய்தி போச்சி. அதுல இருந்து எல்லாரும் ஒரு ஃபோன் நம்பரயாவது கடதாசியில எழுதி சாமிப் படத்துக்குப் பின்னாடி வச்சிருக்காங்க, சார்ஜ் போனா ஃபோனோட நம்பரும் போகுதே. என் புத்தகத்த இப்ப பொலித்தீன் பையில போட்டு வச்சிருக்கேன்.

கடைசியா லிந்துலக்காரி. எங்க கிளாஸ்லயே கெட்டிக்காரி அவதான், தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ, இப்ப ரெண்டு வருஷமா ஞாபகம் தட்டுது. மொதல் மொதல் போனப்ப நான் செஞ்சது தப்பு, எதிர்ல ஒக்காந்து "நான் யாருன்னு சொல்லு பார்ப்பம்"னு கேட்டேன். அவ என் மொகத்தப் பார்த்து, சேலத் தலப்பப் பிசஞ்சி பிசஞ்சி, பரீட்ச ஹோல்ல பதில் வராம இருக்குற புள்ள மாதிரி ஆயிட்டா. புருசன் என்ன அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி, "சேர், நீங்களே பேரச் சொல்லிட்டு ஒக்காருங்க, கேக்காதீங்க"ன்னாரு. இப்ப வாசல்லயே "கொட்டகல வந்திருக்கேன்"னு சொல்லிருவேன். சில நாள் "அடேய் கொட்டகல"ம்பா, சில நாள் "எந்த தோட்டம் நீங்க"ம்பா.

அவ திரும்பத் திரும்பக் கேக்குறது ஒண்ணுதான், "பஸ் வந்திருச்சா?" ஹட்டன்ல பள்ளிக்கூடம் விட்டு லிந்துலக்கு பஸ்ஸுக்கு நின்ன நேரத்துலயே நிக்கிறா. நான் மொதல்ல, பஸ் இல்ல, இது ஒன் வீடுதான்னு விளக்கம் குடுத்துக்கிட்டிருந்தேன், அவளுக்கு அழுகதான் வந்திச்சி. புருசன் என்னா சொல்லுவாருன்னா, "இன்னும் நேரம் இருக்கு, தேத்தண்ணி குடிச்சிட்டு போவம்." ஒடனே ஒக்காந்திருவா. போன வாரம் நானும் வட்டவளயும் போனப்பவும் அதான். மாரி பிஸ்கட்ட ரெண்டா ஒடச்சி, பாதிய என் சோசர்ல வச்சா, மிச்சப் பாதிய லேஞ்சியில முடிஞ்சி மடியில வச்சிக்கிட்டா. பஸ்ல சாப்பிட. அந்தக் காலத்துல ரொட்டியப் பிச்சி எனக்குக் குடுக்கும்போதும் இப்படித்தான், பெரிய பாதி எனக்கு வரும்.

போறவங்களுக்குச் சொல்றேன், காலையில போங்க, ரெண்டு பேருக்கு மேல வேணாம், பழம் பிஸ்கட்டெல்லாம் பெறகு, கூட இருந்து பார்க்குறவர வெளிய அனுப்புங்க. அவரு ரெண்டு மாசமா முடி வெட்டப் போகல, தனியா விட்டுட்டுப் போக ஏலாதே. "நாங்க இருக்கோம், நீங்க போயிட்டு வாங்க"ன்னதும் மனுசன் பத்து நிமிசத்துல சட்டய மாத்திட்டு டவுனுக்கு எறங்கிட்டாரு. ஒன்றர மணித்தியாலம் கழிச்சி தாடியும் எடுத்து, தலயில பவுடர் வாசத்தோட, பத்து வயசு கொறஞ்ச மாதிரி வந்தாரு. வரும்போது ஒரு செய்தியும் கொண்டுட்டு வந்தாரு.

சலூன்ல முடி வெட்டுற தம்பி டயகம பக்கம். அவங்க தோட்டத்துல ஒரு பெரியவர், கொழும்புல கடையில 40 வருஷம் நின்னுட்டு போன வருஷம்தான் தம்பி வீட்டோட வந்து சேர்ந்தாராம், கல்யாணம் கெடையாது, எடது கையாலதான் எழுதுவாராம். ஃபோன் இல்ல. அந்தத் தம்பி சிரிச்சிக்கிட்டே சொல்லியிருக்கான், "ஒரு மாதிரி ஆளுங்க சேர், யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாரு, என்னயும் லிந்துலன்னுதான் கூப்பிடுறாரு."

எங்க செட்ல காணாமப்போன ரெண்டு பேர்ல ஒருத்தன் டயகம. எடது கை. வொலிபோல்ல அவன் சேர்வ் போட்டா அந்தப் பக்கம் எடுக்க ஆள் கெடையாது.

வட்டவள அப்பவே போவம்னான், நான்தான் இருட்டிரும்னு தடுத்தேன். நாளைக்கு விடிய ஆறு மணிக்கு ஹட்டன் பஸ்ல அவன் வர்றான், நான் கொட்டகலயில ஏறுறேன், தலவாக்கலயில எறங்கி டயகம பஸ். புத்தகத்துல அவனோட ரெண்டு பக்கமும் மேல ஊர் பேர் மட்டும் எழுதி வெறுமனே கெடக்கு, ரெண்டு பேன எடுத்து வச்சிருக்கேன். மழ இருக்கும்னு குட கொண்டு வரச் சொன்னேன், வட்டவள மறந்துட்டுத்தான் வருவான்.